கிளீன் ரூமில் லேட்டக்ஸ் கையுறை: யாரிடமிருந்து யாரைக் காக்கிறது?

சிப், மருந்து போன்றவற்றைச் செய்வதற்காகத் தூசியையும் கிருமியையும் மிகக் குறைவாக வைத்திருக்கும் அறைக்குக் கிளீன் ரூம் என்று பெயர். அங்கே புதிதாக வருகிறவர் உடுப்பு மாற்றும் அறையில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்வார். தலைமூடி, முகமூடி, முழு அங்கி, காலுறை, பாதுகாப்புக் கண்ணாடி, கடைசியாகக் கையுறை. சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடுவார். எல்லாம் முடிந்து கதவைத் திறக்கப் போகும்போது கண்ணாடி மூக்கில் லேசாகச் சரியும். ஆள்காட்டி விரல் தானாகப் போய் அதை மேலே தள்ளும். அரை விநாடி வேலை. "கண்ணாடியைத் தொட்டுட்டீங்களே" என்று யாராவது சொன்னால், "அதான் கையில கிளவுஸ் இருக்கே" என்பார்.

கையுறை என்றாலே கையைக் காப்பதற்குத்தான் என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. பாத்திரம் கழுவவும் பெயின்ட் அடிக்கவும் அதற்காகத்தானே போடுகிறோம். கிளீன் ரூமில் கதை தலைகீழ். அங்கே அழுக்கு என்பது நம் கைதான். காக்கப்பட வேண்டியது மேசை மேல் இருக்கும் பொருள். இந்தத் திசை மாற்றம் மனதில் உறைத்துவிட்டால், எந்தக் கையுறையை வாங்குவது, எப்படிப் போடுவது, எப்போது கழற்றுவது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே வந்துவிடும்.

இந்தத் திசை மாற்றம் கையுறையின் வரலாற்றிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கப் பொறுப்பில் இருந்த செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியாகப் பயன்படுத்திய மெர்க்குரிக் குளோரைடால் கைத்தோல் புண்ணானது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து வாங்கினார். நோக்கம் செவிலியரின் கையைக் காப்பது மட்டுமே. சில ஆண்டுகள் போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அறுவை செய்பவர்கள் கையுறை போட்டால் நோயாளிக்குப் புண் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது என்பதை ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் 1899-இல் குடலிறக்க அறுவைகளின் கணக்கைக் காட்டி எழுதினார். கைக்காக வாங்கியது நோயாளிக்கு உதவியது. (ஹால்ஸ்டெட்டும் கரோலினும் 1890-இல் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது கிளைக்கதை.)

கிளீன் ரூம் இந்த இரண்டாவது பயனை அதன் எல்லை வரை கொண்டுபோகிறது. வடிகட்டிய காற்றை ஒரே திசையில் ஓடவிட்டுத் துகள்களை அடித்துக்கொண்டு போகும் அறையை 1960-களின் தொடக்கத்தில் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வில்லிஸ் விட்ஃபீல்டு உருவாக்கினார். இன்று, காற்றிலுள்ள துகள் எண்ணிக்கையை வைத்து அறைகளை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 14644-1 என்ற சர்வதேசத் தரத்தின் 5-ஆம் வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நாம் எண்ணிக்கொண்டிருக்கும் துகள் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றைச் சுத்தமாக்கும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். உள்ளே நடமாடும் மனிதர்தான் பிரச்சினை. தோல் செதில், வியர்வை, எண்ணெய்ப் பசை, நுண்ணுயிர் எல்லாம் அவரோடு வருகின்றன. அவர் உடம்பில் பொருளை நேரடியாகத் தொடுவது கை ஒன்றுதான்.

வியர்வையில் இருக்கும் உப்பு சும்மா இருப்பதில்லை. 1960-களில், சிப்புகளில் இருக்கும் மாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் நிலையில்லாமல் நடந்துகொண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆக்சைடு அடுக்குக்குள் புகுந்து மின்புலத்தில் அங்குமிங்கும் நகர்ந்த சோடியம் அயனிகள் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கைரேகை போதும், அத்தனை சோடியத்தையும் கொண்டுவந்து கொட்ட. மருந்து நிரப்பும் இடமென்றால் அதே கைரேகை நுண்ணுயிர்க் கணக்கில் வரும்.

கையுறைக்குள்ளேயே இருக்கும் அழுக்கு

சரி, கையை மூடிவிட்டோம். மூடிய பொருள் சுத்தமா? இதற்கு விடை சொல்ல, லேட்டக்ஸ் கையுறை எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் வடிக்கும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அம்மோனியா சேர்த்து, வேகமாகச் சுழற்றிப் பிரித்து, அதைச் சுமார் 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வல்கனைசேஷனை (ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்குவதை) விரைவுபடுத்தும் தையூரம், கார்பமேட் போன்ற முடுக்கிகள் சேர்கின்றன. இன்னொரு பக்கம், கை வடிவப் பீங்கான் அச்சுகள் சங்கிலியில் தொங்கியபடி வரிசையாக வரும். அவை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கி எழும். அதன் பிறகு பாலில் முங்கும்போது, கால்சியம் பட்ட இடத்தில் பால் திரிந்து படலமாக ஒட்டிக்கொள்ளும். விளிம்பைச் சுருட்டி, சுடுநீரில் ஊறவைத்து, அடுப்பில் வேகவைத்து, கடைசியில் அச்சிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். உரிக்கும்போது அச்சில் ஒட்டாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் போன்ற தூளும் சேர்ந்திருக்கும்.

இப்போது கையில் இருக்கும் அந்தக் கையுறையில் என்னென்ன மிச்சம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கால்சியம், நைட்ரேட், துத்தநாகம், எதிலும் சேராமல் போன முடுக்கி, மரத்திலிருந்து வந்த புரதம், தூள். கூடவே, புதிய ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலைப் போக்கத்தான் முன்பு சோளமாவைத் தூவினார்கள். மாவு வேண்டாம் என்றால் குளோரின் நீரில் அலசுவார்கள். குளோரின் ரப்பரின் மேல்பரப்பிலுள்ள இரட்டைப் பிணைப்புகளோடு சேர்ந்து அதைக் கெட்டியாகவும் வழுக்கலாகவும் ஆக்கிவிடும், மாவுக்கு வேலை இல்லை. ஆனால் குளோரைடு மிச்சம் கூடும். அளவு மீறினால் ரப்பர் சீக்கிரம் முறுகிப்போகும்.

சாதாரண மருத்துவக் கையுறைக்கும் கிளீன் ரூம் கையுறைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதற்குப் பிறகு வரும் கழுவலில்தான் இருக்கிறது. அயனி நீக்கிய நீரில் திரும்பத் திரும்ப அலசி, வடிகட்டிய காற்றில் உலர்த்தி, கிளீன் ரூமிலேயே பையில் அடைப்பார்கள். மூலப்பொருளும் தொழிற்சாலையும் ஒன்றாகவே இருந்தாலும், கடைசிக் கட்டத்துக்கு ஆன செலவுதான் விலையில் தெரியும்.

"பவுடர் இல்லாதது" என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் விதிப்படி ஒரு மருத்துவக் கையுறையில் 2 மில்லிகிராம் வரை தூள் மிச்சம் இருந்தாலும் அதைப் பவுடர் இல்லாதது என்று சொல்லலாம். 2 மில்லிகிராம் கேட்கச் சின்னதுதான். ஆனால் அது பத்து மைக்ரான் விட்டமுள்ள மாவுத் துகள்களாக இருந்தால் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டும். காற்றில் 3,520-க்குக் கணக்குப் பார்க்கும் அறைக்குள் இதைத்தான் கையில் மாட்டிக்கொண்டு போகிறோம். மருத்துவமனைக்கு அது போதும், அவர்களுடைய கவலை வேறு. கிளீன் ரூமுக்குப் போதாது.

பெட்டியும் அப்படித்தான். டிஷ்யூ காகிதம் இழுப்பது போல அட்டைப் பெட்டியிலிருந்து கையுறையை இழுக்கிறோமே, அந்த அட்டை ஒவ்வொரு இழுப்புக்கும் நார்த்தூசியை உதிர்க்கும். கிளீன் ரூம் கையுறை பாலிஎத்திலீன் பையில் வரும், அதுவும் பைக்குள் பையாக. வெளிப்பையை நுழைவாயிலில் கழற்றிவிட்டு உள்பையை மட்டும் எடுத்துச் செல்வது வழக்கம். அட்டைப் பெட்டியில் வந்த கையுறையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

பையில் எழுதியிருப்பதைப் படிப்பது

"ஐஎஸ்ஓ 5 வகுப்புக் கையுறை" என்று பல பைகளில் இருக்கும். 14644-1 தரம் காற்றை வகைப்படுத்துகிறது. கையுறையை அல்ல. ஆகவே அந்த வரிக்குப் பொருள், "அப்படிப்பட்ட அறையில் பயன்படுத்தலாம் என்று நாங்கள் கருதுகிறோம்" என்பதுதான். அந்தக் கருத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஆதாரம் ஐஇஎஸ்டி என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப அமைப்பின் ஆர்பி-சிசி005 என்ற பரிந்துரையில் இருக்கிறது. கிளீன் ரூம் கையுறைகளுக்கும் விரலுறைகளுக்கும் என்றே எழுதப்பட்டது அது. கையுறையை நீரில் இட்டு, அசைத்து, உதிர்ந்த துகள்களை எண்ணுவது ஒரு சோதனை. நீரில் கரைந்து வந்த சோடியம், குளோரைடு, கால்சியம், நைட்ரேட், துத்தநாகம் ஆகியவற்றை அளப்பது இன்னொன்று. கரைப்பான் ஆவியானபின் மிஞ்சும் பசையை எடைபோடுவதும் உண்டு. நீங்கள் வாங்கும் அதே லாட்டுக்கு (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கு) இந்த எண்கள் உள்ள சான்று கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. விளம்பரத் தாளில் அச்சிட்ட "வழக்கமான மதிப்புகள்" என்றோ ஒரு நல்ல நாளில் எடுத்தவையாக இருக்கலாம்.

எந்த எண் உங்களுக்கு முக்கியம் என்பது செய்யும் வேலையைப் பொறுத்தது. சிப் வேலைக்கு அயனிகள். கண்ணாடி வில்லை, லேசர் வேலைக்கு ஆவியாகாத பசை. மருந்து நிரப்ப நுண்ணுயிர் இல்லாமை. மலட்டுத்தன்மைக்கு, அதாவது உயிருள்ள கிருமி எதுவும் இல்லாமல் இருக்க, காமா கதிரில் வாட்டிய கையுறையை வாங்க வேண்டும், அது தனியாகச் சுற்றப்பட்டு வரும். மலட்டுக் கையுறை என்பதாலேயே அதில் துகள் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. செத்த கிருமியும் துகள்தான்.

அடுத்தது ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க தர அளவு. 1.5 என்று போட்டிருக்கும், சிலவற்றில் 0.65. பலர் இதை நூற்றில் ஒன்றரைக் கையுறையில் ஓட்டை என்ற உத்தரவாதமாகவோ, ஓட்டையே இல்லை என்ற உறுதிமொழியாகவோ படிக்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒரு லாட்டிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையுறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். கசிந்தவை இத்தனைக்குள் இருந்தால் லாட் தேறும். 1.5 சதவீதம் குறையுள்ள லாட் பெரும்பாலும் இதில் தேறிவிடும். ஆகவே 100 கையுறை உள்ள பையில் ஒன்றிரண்டில் ஊசித்துளை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முக்கியமான வேலைக்கு இரண்டு அடுக்காகப் போடுவதன் நியாயம் இதுதான். மேல் கையுறையும் கீழ்க் கையுறையும் ஒரே இடத்தில் ஓட்டையாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

லேட்டக்ஸா, நைட்ரைலா

லேட்டக்ஸுக்கு ஆதரவாகப் பேச ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஆனால் அது கனமான விஷயம்: அணிந்திருப்பதே தெரியாது. ஏஎஸ்டிஎம் மருத்துவக் கையுறைத் தரத்தில் லேட்டக்ஸ் குறைந்தபட்சம் 650 சதவீதம் நீள வேண்டும், செயற்கை ரப்பரான நைட்ரைலுக்கு 500 போதும். இழுவிசைத் தாங்கலும் லேட்டக்ஸுக்கு 18 மெகாபாஸ்கல், நைட்ரைலுக்கு 14. எண்களை விடுங்கள், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டிப் பாருங்கள். லேட்டக்ஸ் கூடவே வந்து கூடவே திரும்பும். நைட்ரைல் ஒரு எதிர்ப்பைக் காட்டும். ஆறு மணி நேரம் நுண்ணோக்கிக்கு அடியில் இடுக்கி பிடிப்பவருக்கு அந்த எதிர்ப்பு சாயங்காலம் மணிக்கட்டில் வந்து நிற்கும்.

எதிர்ப்பக்கத்துப் பட்டியல் நீளம். முதலில் நிலைமின்சாரம். லேட்டக்ஸ் நல்ல மின்காப்பி, ஏறிய மின்னூட்டம் இறங்காது. நைட்ரைலின் வேதி அமைப்பு மின்னூட்டத்தை மெல்ல வடியவிடும். மின்னணுச் சில்லுகளைத் தொடும் இடத்தில் இது ஒன்றே லேட்டக்ஸை வெளியே தள்ளப் போதுமானது. மின்னூட்டம் ஏறிய கையுறை துகளையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் தொல்லை.

அப்புறம் எண்ணெயும் ஹைட்ரோகார்பன் கரைப்பான்களும். ஹெக்சேன், டொலுயீன், கனிம எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் உப்பி, தொளதொளத்து, வலுவிழக்கும். லேட்டக்ஸ் கையுறையின் விரல்நுனியில் ஒரு சொட்டு மசகெண்ணெய் விட்டுச் சிறிது நேரம் கழித்து இழுத்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் தளர்ந்து புடைத்திருக்கும். அதே காரணத்துக்காகத்தான் கிளீன் ரூம் வேலைக்காரர்கள் எண்ணெய்ச் சார்புள்ள கை கிரீமைத் தவிர்க்க வேண்டும். கையுறையை உள்ளிருந்து கெடுப்பது அதுதான். அசிட்டோனுக்கு நைட்ரைல் மோசம், லேட்டக்ஸ் கொஞ்சம் தேவலை. ஆனால் இவ்வளவு மெல்லிய கையுறையில் அந்தத் தேவலைக்கு அதிக மதிப்பு கொடுக்கக் கூடாது.

ஓட்டை இல்லாவிட்டாலும் ரசாயனம் ஊடுருவும் என்பதை ஒரு துயரமான நிகழ்வு உலகுக்குச் சொன்னது. 1996 ஆகஸ்டில், டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், காற்றிழுப்புப் பெட்டிக்குள் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய நச்சுத் திரவத்தைக் கையாளும்போது ஓரிரு சொட்டுகள் அவருடைய லேட்டக்ஸ் கையுறை மேல் விழுந்தன. கையுறை கிழியவில்லை, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு இருந்த விதிகளின்படி அவர் தவறேதும் செய்யவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு நரம்புக் கோளாறுகள் தொடங்கின. 1997 ஜூன் 8 அன்று இறந்துபோனார். அந்தத் திரவம் இப்படிப்பட்ட கையுறையை 15 விநாடிக்குள் கடந்துவிடும் என்று பின்னர் செய்த சோதனைகள் காட்டின. அமில, கரைப்பான் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பவர் கிளீன் ரூம் கையுறையைப் பாதுகாப்பாக எண்ணவே கூடாது. அதற்கென்ற தடித்த கையுறை மேலே வர வேண்டும், கீழே இருக்கும் மெல்லியது பொருளுக்காக மட்டும்.

மூன்றாவதாக, ஒவ்வாமை. கையில் சிவப்பும் அரிப்பும் வந்தால் எல்லாவற்றையும் "லேட்டக்ஸ் அலர்ஜி" என்று சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வியர்வை, சோப்பு, அடிக்கடி ஆல்கஹால் இவற்றால் தோல் வறண்டு வெடிப்பது வெறும் எரிச்சல். ஓரிரு நாள் கழித்து வரும் தடிப்பு பெரும்பாலும் முடுக்கி ரசாயனத்தின் வேலை. அதற்கு நைட்ரைலுக்கு மாறினால் தீராமலும் போகலாம், அதிலும் அதே முடுக்கிகள் இருக்கலாம். ரப்பர் பால் புரதத்துக்கு வரும் உடனடி ஒவ்வாமைதான் உண்மையில் ஆபத்தானது. தும்மல், மூச்சுத்திணறல், அரிதாக உயிருக்கே ஆபத்து. இது உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளாது, அந்தப் பழங்களின் புரதங்களில் ரப்பர் புரதத்தின் சாயல் இருப்பதால்.

மாவு இந்தப் புரதத்தை ஏற்றிக்கொண்டு காற்றில் பறந்ததால், கையுறை போடாதவருக்கும் மூச்சில் போனது. பவுடர் பூசிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2017 ஜனவரியில் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முன்பே, 1998 முதல், இயற்கை ரப்பர் கலந்த மருத்துவச் சாதனங்களின் மேல் "ஹைபோஅலர்ஜெனிக்" என்று போடுவதையும் அது நிறுத்திவிட்டது. அந்தச் சொல் புரத ஒவ்வாமை உள்ளவரைத் தவறாக நம்பவைத்தது. கிளீன் ரூமில் இந்த விவகாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. புண்ணான கை செதிலை அதிகம் உதிர்க்கும், நுண்ணுயிரும் அதிகம். ஆக, ஊழியரின் தோல் நலம் உற்பத்தித் தரத்தின் பகுதி. செய்வது நோயாளிக்குள் போகும் சாதனம் என்றால், கையுறையின் புரதம் அதில் ஒட்டிப்போகிறதா என்ற கேள்வியும் வரும்.

என் தீர்ப்பு இது: மின்னணு வேலைக்கு நைட்ரைல், யோசிக்கவே வேண்டாம். மருந்து, மருத்துவச் சாதன வேலையிலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நைட்ரைலோ, செயற்கை பாலிஐசோப்ரீனோ நல்லது. பின்னது லேட்டக்ஸின் வளைவைத் தரும், மரப்புரதம் இல்லாமல். விலைதான் கூட. நுண்ணிய கைவேலை, ஒவ்வாமை யாருக்கும் இல்லை என்று சோதித்த சிறு குழு, நிலைமின்சாரம் பொருட்டில்லாத பொருள், இந்த மூன்றும் கூடி வந்தால் லேட்டக்ஸ் இன்றும் அருமையான தேர்வு. வினைல் (பிவிசி பிளாஸ்டிக்) கையுறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெகிழ்வூட்டி கசியும், கையில் ஒட்டி நிற்காது, விட்டுவிடலாம்.

அளவு, நீளம், போடும் விதம்

அளவு விஷயத்தில் பலர் கைக்கு எட்டிய பையை எடுத்துக்கொள்கிறார்கள். சின்னதாக இருந்தால் கட்டைவிரல் கவட்டில் கிழியும், கை மரத்துப்போகும். பெரிதாக இருந்தால் விரல்நுனியில் தொங்கும் மடிப்பு எல்லாவற்றிலும் சிக்கும். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடா வைத்து அளந்து, தயாரிப்பாளர் தரும் அட்டவணையோடு பொருத்திப் பார்த்தால் முடிந்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் நடுத்தர அளவும் ஒன்றல்ல.

நீளம் அதைவிட முக்கியம். மருத்துவக் கையுறை சுமார் 240 மில்லிமீட்டர். கிளீன் ரூமுக்கு 300 வேண்டும். ஏன் என்பதை அங்கியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டி மடக்கினால் உணரலாம். அங்கிக்குள் இருக்கும் காற்று துருத்தி போல மணிக்கட்டு வழியாகப் பீறிடும். உடம்புச் சூட்டில் இருக்கும் அந்தக் காற்றில் உள்ளாடை நூலும் தோல் செதிலும் நிறைந்திருக்கும். அது வெளிவரும் இடம், பொருளுக்கு மிக அருகிலுள்ள மணிக்கட்டு. 240 கையுறை முதல் நீட்டலிலேயே அங்கிக் கையை விட்டு நழுவும். 300 கையுறை அங்கியின் விளிம்புக்கு மேல் நன்றாக ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

போடுவதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், கழுவிய கை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரக்கையில் இழுத்து மாட்டும்போதுதான் பாதிக் கையுறைகள் கிழிகின்றன. வியர்க்கும் கைக்காரர்கள் அடியில் நூல் உதிராத மெல்லிய பின்னல் உறை போடலாம்.

போடும்போது வெறும் விரல் கையுறையின் வெளிப்புறத்தைத் தொடக் கூடாது. விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு, அந்த மடிப்பை மட்டும் பிடித்து முதல் கையை நுழைக்க வேண்டும். இரண்டாவது கையுறையின் மடிப்புக்குள், ஏற்கெனவே உறை போட்ட விரல்களை விட்டுத் தூக்கிப் பிடித்து மாட்ட வேண்டும். கடைசியாக மடிப்புகளை அங்கிக் கைக்கு மேல் விரித்துவிட வேண்டும். எழுதினால் நீளம், பழகினால் பத்து விநாடி. மருந்து நிரப்பும் இடங்களில் இன்னும் ஒரு படி உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஜிஎம்பி (மருந்துத் தயாரிப்பு நல்நடைமுறை) விதிகளின் முதல் இணைப்பின் புதிய பதிப்பு, அங்கி மாட்டும்போது போட்டிருந்த கையுறைக்கு மேலே இன்னொரு மலட்டுக் கையுறை போட்டு, அங்கிக் கையை அதற்குள் செருகச் சொல்கிறது. அங்கியை இழுத்துப் போட்ட கையுறை அங்கியின் வெளிப்புறத்தையும் ஜிப்பையும் தொட்டது, அதோடு உள்ளே போக முடியாது. சரிந்த கண்ணாடியைத் தள்ளிய விரலுக்கும் அதே நியாயம்தான்.

உள்ளே போன பிறகு

கை இடுப்புக்கு மேல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில். அக்குளில் கட்டிக்கொள்ளக் கூடாது, பின்னால் கட்டக் கூடாது. கைப்பிடி, நாற்காலி, பேனா, விசைப்பலகை எதைத் தொட்டாலும் அடுத்ததாகப் பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு நிறுத்தம் வேண்டும்.

அந்த நிறுத்தத்தில் பெரும்பாலும் செய்வது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளிப்பது. 70 சதவீதக் கரைசலைப் பயன்படுத்துவதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்க நீர் தேவை, சுத்த ஆல்கஹால் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. தெளித்துவிட்டு விரலிடுக்கு, நுனி எல்லாம் படும்படி தேய்த்து, தானாக உலரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஈரக்கையோடு கண்ணாடி வில்லையைத் தொட்டால், ஆல்கஹால் கையுறையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த பசை அங்கே அழகான விரல்தடமாகக் காயும். ஆல்கஹால் ஊசித்துளையை அடைக்காது. மணிக்கணக்கில் அதையே தெளித்துக்கொண்டு கையுறையை மாற்றாமல் இருப்பதும் நல்லதல்ல. ரப்பர் மெல்ல வறண்டு கெட்டியாகும், உள்ளே தேங்கிய வியர்வை துளை ஒன்று கிடைக்கக் காத்திருக்கும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது. கிழிந்தால் உடனே, வெளியே போய் வந்தால் கட்டாயம், இவை இரண்டும் பேரம் பேசக் கூடாதவை. இடைப்பட்ட இடைவெளியை வேலையின் தன்மைக்கேற்ப அந்தந்த இடமே சோதித்து முடிவு செய்ய வேண்டும். மலட்டு அறைகளில் அதற்கான வழி விரல்தடச் சோதனை. ஐந்து விரல்நுனிகளையும் கிருமி வளர்க்கும் ஊட்டத் தட்டில் மெதுவாக அழுத்தி, அடைகாத்து, வளர்கிறதா என்று பார்ப்பார்கள். மேற்சொன்ன ஐரோப்பிய விதிப்படி ஏ தர (மிகச் சுத்தமான) இடத்தில் ஒரு காலனிகூட வளரக் கூடாது. இதில் ஒரு பழைய தந்திரம் உண்டு. தட்டோடு ஆய்வாளர் வருவதைப் பார்த்ததும் கைக்கு ஆல்கஹால் அடித்துக்கொள்வது. தட்டு சுத்தமாக வரும், தகவல் பூஜ்யம். கடந்த ஒரு மணி நேரம் அந்தக் கை எப்படி இருந்தது என்பதைத்தானே தெரிந்துகொள்ள வேண்டும். தெளிப்பதற்கு முன்பே தடம் எடுக்க வேண்டும், எடுத்தபின் ஊட்டப்பசை ஒட்டிய அந்தக் கையுறையை மாற்ற வேண்டும்.

இருப்பு வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். லேட்டக்ஸுக்கு வெயில், வெப்பம், ஓசோன் மூன்றும் ஆகாது. ஓடும் மோட்டாரின் தீப்பொறியும் புற ஊதா விளக்கும் ஓசோனை உண்டாக்கும். அது ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே போகும். மடிப்பில் இழுபட்டிருக்கும் இடத்தில்தான் வெடிப்பு முதலில் தெரியும். செம்பும் அப்படித்தான், ரப்பரின் சிதைவை விரைவுபடுத்தும். செம்புப் பாகங்களைத் தொடும் லேட்டக்ஸ் கையுறையில் பழுப்புக் கறை ஏறுவதைப் பார்க்கலாம். முதலில் வந்த பையை முதலில் எடுக்க வேண்டும்.

புதிய லாட் வரும்போதெல்லாம் பழைய லாட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் துணி மேல் விரித்து உதறிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் துடைத்த கண்ணாடித் தகட்டில் அழுத்தி எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தடத்தைப் பாருங்கள். இழுத்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பாருங்கள். ஆய்வகக் கருவிகள் தரும் எண் இதில் கிடைக்காது. ஆனால் தொழிற்சாலையில் கழுவலை ஒரு சுற்றுக் குறைத்திருந்தால், சான்றிதழ் கைக்கு வருமுன்பே அந்தக் கண்ணாடித் தகட்டில் தெரிந்துவிடும்.